ஆடிப் பெருக்குக்கு மழை எங்கே பெய்கிறது? மனப்பாடம், புரிதல், மறதி பற்றி ஓர் இழை

கேள்வி, ஜூன் 7, 2025

அக்கா, குரூப் 4 தேர்வுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது. தமிழ்நாட்டுப் புவியியலை மூன்று முறை படித்துவிட்டேன். கணவாய்கள், அணைகள், மழைப்பருவம், பயிர்ப்பருவம் எல்லாவற்றுக்கும் முதலெழுத்துகளைக் கோத்து ஷார்ட்கட் வைத்திருக்கிறேன். படித்த அன்று எல்லாம் வருகிறது. பத்து நாள் கழித்து ஷார்ட்கட் மட்டும் நினைவில் நிற்கிறது, எந்த எழுத்து எதற்கு என்பது போய்விடுகிறது. எனக்கு ஞாபகசக்தி குறைவு என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். எல்லோரும் "புரிந்து படி" என்கிறார்கள். பட்டியலில் புரிந்துகொள்ள என்ன இருக்கிறது?

ஜூன் 7, இரவு

புத்தகத்தைத் திறக்காமல் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல் தம்பி. ஆடி பதினெட்டில் காவிரி ஏன் பெருகுகிறது?

"மழை பெய்கிறது, அதனால்" என்று எழுதப் போகிறாய் என்றால் கொஞ்சம் நில். ஆடியில் தஞ்சாவூர்ப் பக்கம் என்ன மழை பெய்கிறது? வெயிலும் காற்றும்தானே. நான் திருவையாற்றுக்குப் பக்கத்து ஊர்க்காரி. சின்ன வயதில் ஆடிப் பெருக்கன்று அப்பாயி காப்பரிசியும் காதோலை கருகமணியும் எடுத்துக்கொண்டு ஆற்றுக்குக் கூட்டிப் போவார். பிள்ளைகள் நாங்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு பின்னால் ஓடுவோம். தெருவெல்லாம் புழுதி பறக்கும், ஆறு மட்டும் நுங்கும் நுரையுமாக ஓடும். இருபத்திரண்டு வயது வரை இதில் எனக்கு ஒரு விநோதமும் தெரியவில்லை. தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்த பிறகுதான் திடுக்கென்று உறைத்தது: மழையே இல்லாத மாதத்தில் இவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பதிலை நாளைக்குச் சொல்கிறேன். இன்று இரவு நீயே யோசி.

ஜூன் 8, காலை

சரியாகவே எழுதியிருக்கிறாய்: குடகில் பெய்கிறது. அப்படியானால் உனக்கு ஞாபகசக்தி குறைவு என்ற பேச்சை இன்றோடு விட்டுவிடு.

இப்போது அந்த ஒரு பதிலிலிருந்து பின்னோக்கி நட. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து ஈரக்காற்று வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்கிறது, மலையின் மேற்குச் சரிவிலும் உச்சியிலும் ஈரத்தைக் கொட்டுகிறது. கேரளம் நனைகிறது, குடகு நனைகிறது, வயநாடு நனைகிறது. மலையைத் தாண்டி நம் பக்கம் இறங்கும்போது அது வெறும் காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோமே, அந்தக் காற்று. ஈரத்தை அந்தப் பக்கம் விட்டுவிட்டு வேகத்தை மட்டும் நமக்குக் கொண்டுவருகிறது. தலைக்காவிரி இருப்பது குடகில். கபினி வருவது வயநாட்டிலிருந்து. அந்த மழை நமக்கு ஆற்றின் வழியாக வந்து சேர்கிறது. ஆடிப் பெருக்கு என்பது வேறு ஊரில் பெய்த மழைக்கு நாம் எடுக்கும் விழா.

இனி உன் பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் பார்.

மலைச்சுவரில் எங்கெங்கே இடைவெளி இருக்கிறது? பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய். சுவரில் ஓட்டை இருந்தால் காற்று அதில் பாய்ந்து வரும். பாலக்காட்டு இடைவெளிக்கு நேரே பல்லடம், உடுமலை: காற்றாலைகள். ஆரல்வாய்மொழிக்கு நேரே முப்பந்தல்: அங்கும் காற்றாலைகள். செங்கோட்டை இடைவெளியில் கொஞ்சம் ஈரமும் சேர்ந்து நுழைகிறது: குற்றாலச் சாரல். கணவாய்ப் பட்டியல், காற்றாலைப் பட்டியல், குற்றால சீசன் என்று மூன்று தனித்தனி ஷார்ட்கட் வைத்திருக்கிறாய். மூன்றும் ஒரே காற்றின் கதை.

சுவரின் பின்னால் ஒளிந்திருக்கும் ஊர்கள் எவை? தூத்துக்குடியில் மழை குறைவு, வெயில் அதிகம், கடல் பக்கத்தில். அங்கே உப்பளம் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்? சிவகாசியில் காற்றில் ஈரம் குறைவு, தீப்பெட்டியும் பட்டாசும் காய வேண்டும்.

சின்னக்கல்லாறு உன் பட்டியலில் "அதிக மழை பெறும் இடம்" என்று தனியாக நிற்கும். அது வால்பாறைப் பக்கம், மலையின் மேலே, காற்று மோதும் இடத்தில் இருக்கிறது. கோயம்புத்தூர் மாவட்டம் என்று படிக்கும்போது பொருந்தாதது போல் தோன்றும். படத்தில் பார்த்தால் அங்கே மழை கொட்டாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒரு வெள்ளைத்தாளில் மலையை ஒரு கோடாகப் போட்டு, காற்றுக்கு ஓர் அம்பு போடு. மற்றவற்றை அதில் தொங்கவிடு.

ஜூன் 8, மாலை

உடுமலை நண்பர் ஒருவர் கீழே எழுதியிருப்பது நியாயம்: "எங்கள் ஊரில் அந்தக் காற்றில் ஈரமும் இருக்கும், ஜூலையில் தூறல் விழும்." ஆம். பாலக்காட்டு இடைவெளி செங்கோட்டையை விட மிக அகலமானது, அதன் வழியாகவும் சாரல் வருகிறது. பொள்ளாச்சிப் பக்கம் தென்னை செழிப்பதற்கு அதிலும் பங்கு உண்டு. நான் காலையில் ஒன்றுக்குக் காற்று, இன்னொன்றுக்குச் சாரல் என்று பிரித்தது எழுதுவதற்கு வசதியாக இருந்ததால்தான். தாளில் திருத்திக்கொள்.

ஜூன் 9

சிவகாசி பற்றி நான் எழுதியதையும் திருத்த வேண்டும். நேற்று இரவு படுத்த பிறகு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

வறண்ட ஊர் தென்மாவட்டங்களில் எத்தனையோ இருக்கிறது. சிவகாசி மட்டும் ஏன்? 1920களில் அந்த ஊரைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள், அதனால். வறட்சி அந்தத் தொழிலுக்கு இடம் கொடுத்தது. மழையை நம்பி விவசாயம் செய்ய முடியாத மக்களை வேறு வேலை தேட வைத்ததும் அதே வறட்சிதான். ஆனால் தொழிலைக் கொண்டுவந்தது இரண்டு மனிதர்களின் ரயில் பயணம். "காற்று உலர்ந்திருக்கிறது, அதனால் சிவகாசி" என்று நான் எழுதியது பாதிக் காரணம். பாதிக் காரணத்தை முழுக் காரணமாக எழுதினால் அது கொக்கியாக நன்றாகவே மாட்டிக்கொள்ளும், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜூன் 12

இன்று மேட்டூர் திறந்துவிட்டார்கள். உன் பாடத்தில் "ஜூன் 12, குறுவைக்கு நீர் திறப்பு" என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே விழுங்காதே.

டெல்டாவுக்குச் சொந்த மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ஜூனில் நாற்று விட வேண்டும் என்றால் வானத்தை நம்ப முடியாது, மேட்டூரைத்தான் நம்ப வேண்டும். அதுதான் குறுவை. ஆவணி வாக்கில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழையையும் வாங்கிக்கொண்டு, தை வாக்கில் அறுவடைக்கு வருவது சம்பா. பொங்கலுக்குப் புதுநெல் வருவது ஏன் என்பதும் இதற்குள்ளேயே இருக்கிறது. குறுவை எந்த மாதம், சம்பா எந்த மாதம் என்று எனக்கு ஒருநாளும் குழம்பியதில்லை. "ஆத்துத் தண்ணி வந்தா குறுவை" என்று அப்பா சொல்லுவார். பாடப்புத்தகம் சொல்வதற்குப் பல வருடம் முன்னாலேயே அது எனக்குத் தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது.

எண்கள் வேறு வகை, அதையும் சொல்லிவிடுகிறேன். மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி என்பது எனக்கு மறக்காது. அப்பா தினமும் வானொலியில் மேட்டூர் நீர்மட்டம் கேட்பார். நூறைத் தாண்டினால் அவர் முகம் மாறும், 120 என்றால் வீட்டில் பாயசம். ஆனால் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை நான் வெறும் மனப்பாடமாகத்தான் கற்றேன். கட்டி முடித்த ஆண்டு 1934 என்பதையும் அப்படித்தான். அதற்குக் காரணம் தேடி நேரத்தை வீணாக்கவில்லை. எல்லாவற்றுக்கும் புரிதல் உண்டு என்று உன்னிடம் யாராவது சொன்னால் நம்பாதே. சிலவற்றை எழுதி எழுதித்தான் ஏற்ற வேண்டும். ஆனால் காரணம் உள்ளவற்றைக் காரணத்தோடு படித்துவிட்டால், ஏற்ற வேண்டியவற்றின் பட்டியல் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும்.

ஜூன் 15

"இது புத்திசாலிகளுக்குச் சரி, சாதாரண ஆட்களுக்கு ஷார்ட்கட்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு இது கோபம் வரவழைக்கும் பேச்சு. இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எத்தனையோ பிள்ளைகளை முதல் தோல்வியிலேயே வீட்டில் உட்கார வைத்திருக்கிறார்கள். நானே மூன்றாவது முறைதான் தேறினேன்.

1973இல் வில்லியம் சேஸ், ஹெர்பர்ட் சைமன் என்ற இருவர் சதுரங்க ஆட்டக்காரர்களை வைத்துச் செய்த ஒரு சோதனையைச் சொல்கிறேன். நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆட்டத்தின் பலகையைச் சில விநாடிகள் காட்டி மறைத்துவிட்டு, காய்களைத் திரும்ப அடுக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர், புதியவரை விட மிக அதிகமான காய்களைச் சரியான இடத்தில் வைத்தார். பிறகு அதே காய்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் கலைத்து வைத்துக் காட்டினார்கள். அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அதே மனிதர், அதே கண், அதே மூளை. கலைந்த பலகையின் முன்னால் அவரும் நம்மைப் போலத்தான். மற்றப் பலகையில் அவர் தனித்தனிக் காய்களைப் பார்க்கவில்லை. தாக்குதல், காவல், கோட்டை என்று கொத்துக் கொத்தாகப் பார்த்தார்.

உன் ஷார்ட்கட் நோட்டு கலைத்து வைத்த பலகை, தம்பி. அதில் தோற்றுவிட்டு உன் மூளையைக் குறை சொல்லாதே.

ஜூன் 16

ஷார்ட்கட்டே வைக்கக் கூடாதா என்று கேட்டிருக்கிறாய். 93.47 மாதிரியானவற்றுக்கு வைத்துக்கொள். எனக்கும் ஏழெட்டு இருக்கின்றன.

ஜூன் 21

தமிழ்ப் பகுதிக்கும் இது உதவுமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். திணைப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். எல்லோரும் அதைத்தான் கட்டம் போட்டு உருப்போடுகிறார்கள்.

பெரும்பொழுது ஆறில் ஆனியும் ஆடியும் முதுவேனில். நான் இதைப் பல வருடம் யோசிக்காமல் ஒப்பித்தேன். மேலே எழுதிய காற்றுக் கதையோடு சேர்த்துப் பாருங்கள். மலைக்கு அந்தப் பக்கம் ஆனி, ஆடியில் கொட்டுகிறது. நம் இலக்கணம் அதே மாதங்களை முற்றிய கோடை என்கிறது. எழுதியவர்கள் மலைக்குக் கிழக்கே நின்று வானத்தைப் பார்த்திருக்கிறார்கள்! இது முதலில் புலப்பட்ட அன்று நான் அலுவலகத்தில் எதிர் மேசைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னேன், அவ்வளவு மகிழ்ச்சி. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர் என்பதும் அப்படியே உட்கார்ந்தது. அடைமழை, வாடைக் காற்று, குளிர்.

அடுத்து முல்லை. பெரும்பொழுது கார், அதாவது ஆவணியும் புரட்டாசியும். சிறுபொழுது மாலை. அந்த மாதங்களில் நம் உள்மாவட்டங்களில் மழை எப்போது வரும்? பகலெல்லாம் காய்ந்துவிட்டுச் சாயங்காலம் இடியோடு வரும். காரும் மாலையும் சேர்ந்து வருவது அதனால்தான். இதை ஒரு முறை நினைத்துவிட்டால் முல்லைக்கு மாலை என்பது மறக்கவே மறக்காது.

ஜூன் 22

நேற்று நான் எழுதியதன் கடைசிப் பத்தியைத் தயவு செய்து அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர் பொறுமையாக விளக்கியிருக்கிறார். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். போருக்குப் போனவன் கார் தொடங்கும்போது வருவேன் என்று சொல்லிப் போயிருக்கிறான். மேயப் போன மாடுகள் வீடு திரும்பும் நேரம் மாலை. எல்லாம் திரும்பி வருகிற நேரத்தில் வரவேண்டியவன் மட்டும் வரவில்லை. காத்திருப்பு கனக்கும் பொழுது அது. இடிமழை இதில் எங்கும் வரவில்லை, அது என் கற்பனை.

ஐயா சொன்னதை ஒரே மூச்சில் மூன்று முறை படித்தேன். என் காரணத்தைவிட இது எவ்வளவு ஆழமாகப் பிடித்துக்கொள்கிறது என்று கவனியுங்கள். நிலம், தொழில், பொழுது, உணர்ச்சி நான்கும் ஒரே முடிச்சில் வந்துவிட்டன. ஆயர், ஆநிரை, கார், மாலை, இருத்தல் என்று ஐந்து கட்டங்களில் எழுதிய சொற்கள் எல்லாம் வாசலில் நிற்கும் ஒரு பெண்ணின் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. மருதத்துக்கு வைகறை ஏன் என்று இதே வழியில் யோசித்துப் பாருங்கள். ஊடல் என்பது உரிப்பொருள், இரவெல்லாம் வராதவன் எப்போது வீட்டுக் கதவைத் தட்டுவான்?

ஜூன் 24

ஒன்பதாம் தேதி பாக்கி வைத்த விஷயம்.

இணைத்துப் படிப்பவனுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. தெரியாததையும் அவன் மனமே இட்டு நிரப்பிவிடும், அதுவும் தெரிந்ததைப் போலவே உறுதியாக வந்து நிற்கும். ஃபிரெடரிக் பார்ட்லெட் என்ற ஆங்கிலேயர் 1932இல் வெளியிட்ட ஆய்வில் இதை எழுதியிருக்கிறார். பழக்கமில்லாத ஒரு பழங்குடிக் கதையைப் படிக்கக் கொடுத்துவிட்டு, பிறகு நினைவிலிருந்து எழுதச் சொன்னார். படித்தவர்கள் தங்களுக்குப் புரியாத பகுதிகளை விட்டுவிட்டார்கள், அல்லது தங்கள் ஊர் வழக்கத்துக்கு ஏற்ப மாற்றிவிட்டார்கள்.

எனக்கு நடந்தது இது. இரண்டாவது முறை படித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாதிரித் தேர்வு. கேரளத்தில் கிழக்கு நோக்கிப் பாயும் ஆறு எது என்று கேள்வி. விடைகளில் பவானி இருந்தது. நான் யோசித்தேன்: பவானி பிறப்பது நம் நீலகிரியில், சேர்வது நம் காவிரியில், பவானி ஊரே நம்முடையது, இதற்குள் கேரளம் எங்கே வரும்? அழகான காரணம். அடித்துவிட்டேன். பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்துக்குள் போய், அட்டப்பாடி வழியாகக் கிழக்கே திரும்பி மறுபடியும் தமிழ்நாட்டுக்குள் வருகிறது. கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கேரளத்தில் கிழக்கு நோக்கி ஓடுபவை. உருப்போட்டுப் படித்த என் தோழி சரியாக எழுதினாள். நான் காரணத்தோடு தவறாக எழுதினேன்.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். நானே ஊகித்த இணைப்பைத் தாளில் புள்ளிக்கோடாகப் போடுவேன். புத்தகத்திலோ வரைபடத்திலோ பார்த்து உறுதி செய்த பிறகுதான் முழுக்கோடு. என் பழைய தாள்களில் இன்னும் நிறையப் புள்ளிக்கோடுகள் இருக்கின்றன.

ஜூன் 29

"புரிந்துவிட்டது அக்கா, ஆனால் நேற்று டெஸ்ட்டில் வரவில்லை" என்று எழுதியிருக்கிறாய். முதல் நாளே இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது என் தவறு. புரிந்துவிட்டால் தானாகவே நிற்கும் என்பது போல எழுதிக்கொண்டே வந்துவிட்டேன்.

புரிந்தது ஒரு பாதை. அதில் நடக்காவிட்டால் புல் முளைத்து மூடிவிடும். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஒரு பக்கம், படித்துவிட்டு மூடி வைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் மறுபக்கம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உன் முதல் கடிதத்தில் "படித்த அன்று எல்லாம் வருகிறது" என்று இருந்ததே, அந்த ஐந்து நிமிடத்தைத்தான் நீ நம்பிக்கொண்டிருந்தாய்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். வெறும் தாள், மலைக்கோடு, காற்றுக்கு அம்பு. புத்தகம் மூடியிருக்கட்டும். நினைவு வருவதையெல்லாம் போடு. வராத இடத்தில் உடனே புத்தகத்தைத் திறக்காதே, "காற்று இங்கே என்ன செய்யும்" என்று கேட்டுப் பார். பிறகு திற. மூன்று நாள் கழித்து மறுபடி புதுத்தாள்.

ஜூன் 30

நன்னூல் இந்த இடத்தில் நினைவுக்கு வந்தது. பவணந்தி முனிவர் பாடம் கேட்கும் முறையைச் சொல்லும்போது கணக்கே போட்டிருக்கிறார். ஆசிரியர் சொன்னதை எவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டாலும் கால் பங்குதான் பிடிபடும். உடன் படிப்பவர்களோடு பழகிப் படிப்பதில் இன்னொரு கால். மீதி அரை, தான் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போது வருகிறது. பாதிக்குப் பாதி!

ஞாயிற்றுக்கிழமைகளில் கிளை நூலகத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அரைப் பங்கை வாங்கிக்கொண்டிருப்பது நான்தான். குறுவைக்கும் சம்பாவுக்கும் நடுவில் தாளடி எங்கே வருகிறது என்று ஒரு பெண் கேட்டபோது, குறுவை அறுத்த அதே வயலில் நடுவதுதான் தாளடி என்று சொல்லிக்கொண்டிருக்கையிலேயே அந்தப் பெயர் எனக்கு விளங்கியது. அறுத்த தாளை மடக்கி உழுது நடுவது. பாருங்கள், இது இன்னும் புள்ளிக்கோடு. யாராவது உழவர் இருந்தால் உறுதி செய்யுங்கள்.

உன் தங்கை ஒன்பதாம் வகுப்பு என்றாயே. தினமும் கால் மணி நேரம் அவளுக்குச் சொல்லு.

ஜூலை 13

தேர்வு முடிந்தது. எத்தனை வரும் என்று கூட்டிப் பார்க்க வேண்டாம் என்று சொல்லியும் கூட்டிப் பார்த்திருக்கிறாய். சரி. "இரண்டு கேள்விக்கு விடை தெரியாது, ஆனால் கோடு போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்தேன்" என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் சாப்பிடப் போனேன்.

ஆகஸ்ட் 3

ஆடிப் பெருக்கு. விடியற்காலையிலேயே ஆற்றுக்குப் போய்வந்தோம். அப்பாயி இல்லை, அவர் வைத்திருந்த பித்தளைத் தட்டில்தான் காப்பரிசி கொண்டு போனேன். நிறையத் தண்ணீர். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

திரும்பி வந்து பார்த்தால் உன் படம் வந்திருக்கிறது. தங்கை வரைந்தாள் என்கிறாய், கையெழுத்து அழகாக இருக்கிறது. கன்னியாகுமரி இரண்டு பருவத்திலும் நனைவதை இரண்டு அம்புகளால் காட்டியிருப்பது எனக்குத் தோன்றாத யோசனை. தாமிரபரணி ஏன் வற்றுவதில்லை என்பதற்குப் பொதிகைக்கு இரண்டு பக்கத்து மழையும் கிடைக்கிறது என்று அவளே எழுதியிருக்கிறாள், சரி. ஆனால் ஆற்றின் முடிவில் வங்காள விரிகுடா என்று இருக்கிறது. தாமிரபரணி சேருமிடம் மன்னார் வளைகுடா. முழுக்கோடாக வேறு போட்டிருக்கிறாள். அதை மட்டும் அழித்து எழுதச் சொல்.